மார்க்கெட்பிளேஸ் காப்பீட்டில் வளர்ந்த பிள்ளை: 1095-ஏ, 8962 படிவங்களைச் சரியாகக் கையாளும் முழு வழிகாட்டி

அமெரிக்காவில் மார்க்கெட்பிளேஸ் (அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தை) வழியாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 31க்குள் 1095-ஏ படிவம் அனுப்பப்படும். பிரீமியமும், பிரீமியம் வரிச் சலுகையாக அரசு முன்கூட்டியே கட்டிய முன்பணமும் அதில் இருக்கும். உண்மையான வருமானப்படி கிடைக்க வேண்டிய சலுகையோடு அந்த முன்பணத்தை ஒப்பிட்டு, வரி ரிட்டர்னோடு சேரும் 8962 படிவத்தில் கணக்குத் தீர்க்க வேண்டும். வேலை போய் கம்பெனி இன்சூரன்ஸ் நின்றவர்கள், சொந்தத் தொழில் செய்பவர்கள், சீக்கிரம் ஓய்வு பெற்றவர்கள் என்று நம் குடும்பங்கள் பலவும் இதில் உண்டு. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்வரை பெரிய சிக்கல் இல்லை. பிள்ளைக்கு 19 தாண்டி, கல்லூரி, இன்டர்ன்ஷிப், முதல் வேலை என்று ஆனபின்தான் கேள்விகள் கிளம்புகின்றன. படிவம் அப்பா பெயரில் வந்திருக்கிறது, மகன் தனியாக ரிட்டர்ன் போடுகிறான், யார் 8962 நிரப்புவது? படிவம் மகள் பெயரிலேயே வந்திருக்கிறது, ஆனால் அவளை நம் ரிட்டர்னில் டிபென்டன்ட்டாக (நம்மைச் சார்ந்தவராக) காட்டப் போகிறோம், அப்போது?

இரண்டுக்கும் விடை ஒரே விதியில் இருக்கிறது. ஒருவரை யார் தம் ரிட்டர்னில் டிபென்டன்ட்டாகக் காட்டுகிறார்களோ, அவர்களே அந்த ஆளுக்குரிய 1095-ஏ கணக்கைத் தீர்க்க வேண்டும். உறையின்மேல் யார் பெயர், பிரீமியம் யார் வங்கிக் கணக்கிலிருந்து போனது, இவை எதையும் மாற்றாது. ஆகவே வரி மென்பொருளைத் திறக்கும் முன் டிபென்டன்ட் கேள்வியை முடித்துவிட வேண்டும்.

இங்கே தரும் எண்கள், வேறு சொல்லாத இடத்தில், 2025 வரி ஆண்டுக்குரியவை. அந்த ரிட்டர்னுக்குக் கடைசி நாள் 2026 ஏப்ரல் 15.

முதலில்: பிள்ளை டிபென்டன்ட்டா, இல்லையா?

26 வயது என்ற எண்ணை இங்கே மறந்துவிடுங்கள். அது இன்சூரன்ஸ் சட்டத்தின் வயது. 26 வரை பெற்றோர் பிளானில் பிள்ளை இருக்கலாம், ஹெல்த்கேர்.கவ் வழி எடுத்த பிளானில் 26 நிறையும் ஆண்டின் டிசம்பர் 31 வரைகூட இருக்கலாம். வரிச் சட்டம் அந்த வயதைப் பார்ப்பதே இல்லை. அதற்கு இரண்டு வாசல்கள்.

ஒன்று, ‘தகுதியான பிள்ளை’. ஆண்டின் கடைசி நாளில் 19 நிறையாதவராகவோ, முழுநேர மாணவரென்றால் 24 நிறையாதவராகவோ இருக்க வேண்டும். நிரந்தரமான, முழுமையான மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு வயது வரம்பு இல்லை. பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். கல்லூரி விடுதியில் இருந்த நாட்களும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு. தன் செலவில் பாதிக்கு மேல் அவரே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இந்த வாசலில் வருமான வரம்பு கிடையாது. 50,000 டாலர் சம்பாதித்தும் அதைச் சேமிப்பில் போட்டுவிட்டு உங்கள் செலவில் படித்தால் அவர் டிபென்டன்ட்தான்.

முழுநேர மாணவர் என்பதற்கு, ஆண்டில் ஏதேனும் ஐந்து மாதங்களில் முழுநேரமாகப் பதிவு செய்திருந்தால் போதும். ஒவ்வொரு மாதத்திலும் சில நாட்கள் போதும். மே மாதம் பட்டம் வாங்கிய 22 வயது மகள் ஜனவரி முதல் மே வரை ஐந்து மாதங்களை முடித்துவிட்டாள். ஜூலையில் வேலைக்குப் போனாலும் அந்த ஆண்டு முழுவதற்கும் மாணவிதான்.

செலவில் பாதி என்ற கணக்கில் ஸ்காலர்ஷிப் எந்தப் பக்கமும் சேராது. ஆனால் பிள்ளை தன் பெயரில் வாங்கிய கல்விக் கடன், பிள்ளையே செய்த செலவாகச் சேரும். பெரிய கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை இந்த ஓர் இடத்தில் தேர்வில் தவறிவிடக்கூடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது வாசல், ‘தகுதியான உறவினர்’. 24 தாண்டியவர்களுக்கும், படிப்பை விட்டவர்களுக்கும் இது. இதில் பிள்ளையின் மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் குறைவாக இருக்க வேண்டும், அவர் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். எச்-4 விசாவில் (வேலை விசா உள்ளவரின் குடும்பத்துக்கானது) வளர்ந்த பிள்ளை 21 வயதில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால், எஃப்-1இல் கழித்த நாட்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு வரிச் சட்டத்தின் வசிப்பு நாள் கணக்கில் சேராது. பத்து வருடம் இங்கேயே வளர்ந்திருந்தும் மாறிய மறு ஆண்டில் பிள்ளை வரிச் சட்டப்படி ‘நான்-ரெசிடென்ட்’ (இங்கே வசிக்காதவர்) ஆகிவிடலாம். அப்படி ஆனால் டிபென்டன்ட்டாகக் காட்ட முடியாது. அவர் ரிட்டர்ன் போட வேண்டியிருந்தால், அது நான்-ரெசிடென்ட்டுக்கான 1040-என்ஆர் ஆக இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பழைய வழக்கப்படி காட்டிக்கொண்டே போகிறவர்கள் நிறையப் பேர்.

காட்ட முடியும், ஆனால் வேண்டுமென்றே காட்டாமல் விட்டால்? வருமானம் அதிகமுள்ள பெற்றோர், கல்விச் செலவுக்கான வரிச் சலுகை பிள்ளைக்காவது கிடைக்கட்டும் என்று இப்படிச் செய்வதுண்டு. மார்க்கெட்பிளேஸ் முன்பணம் வாங்கிய ஆண்டில் இது ஆபத்தான வேலை. இன்னொருவர் டிபென்டன்ட்டாகக் காட்டக்கூடிய நிலையில் இருப்பவர் பிரீமியம் வரிச் சலுகை பெற முடியாது. காட்டினார்களா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல. யாருமே காட்டாத பிள்ளைக்காகப் போன முன்பணம், அவரை டிபென்டன்ட் என்று விண்ணப்பத்தில் சொன்ன பெற்றோர் தலையில்தான் விழும். கல்விச் சலுகையில் வருவதையும் இதில் போவதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

உங்கள் நிலை எது?

டிபென்டன்ட் கேள்வி முடிந்தால் நான்கு நிலைகளில் ஒன்றில் நிற்பீர்கள்.

பிள்ளை டிபென்டன்ட், உங்கள் பிளானிலேயே இருக்கிறார்: ஒரே 1095-ஏ, ஒரே 8962, உங்கள் ரிட்டர்னில். பிள்ளையின் ரிட்டர்னில் எதுவும் போடக் கூடாது.

பிள்ளை டிபென்டன்ட், ஆனால் தனி பிளான், 1095-ஏ அவர் பெயரில்: அந்தப் படிவமும் உங்கள் 8962க்கே வரும். பிள்ளையிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பிள்ளை டிபென்டன்ட் இல்லை, உங்கள் பிளானில் இருக்கிறார்: ஒரே பாலிசியை இரண்டு வரிக் குடும்பங்கள் பங்கிட வேண்டும். எல்லாவற்றிலும் சிக்கலானது இது. கீழே விரிவாக வருகிறது.

பிள்ளை டிபென்டன்ட் இல்லை, தனி பிளான்: அவர் படிவம், அவர் 8962, அவர் பாடு.

படிவத்தை எடுத்துச் சரிபார்ப்பது

தபாலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஹெல்த்கேர்.கவ் கணக்கில் நுழைந்து, அந்த ஆண்டின் விண்ணப்பத்தைத் திறந்து, வரிப் படிவங்கள் என்ற பகுதியில் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் கவர்ட் கலிஃபோர்னியா, நியூ ஜெர்சியில் கெட் கவர்ட் என்ஜே, பென்சில்வேனியாவில் பென்னி என்று சொந்தச் சந்தை நடத்தும் மாநிலங்களில் அந்தந்தத் தளத்தில் கிடைக்கும். டெக்சஸ்காரர்களுக்கு ஹெல்த்கேர்.கவ்தான். பிள்ளை தன் கணக்கில் வாங்கியிருந்தால் அவரே நுழைந்து எடுக்க வேண்டும். 18 தாண்டிய பிள்ளையின் கணக்கைப் பற்றி நீங்கள் ஃபோனில் கேட்டால், அவர் அனுமதி கொடுக்காமல் பேச மாட்டார்கள். பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். கூட்டாட்சி மார்க்கெட்பிளேஸின் எண் 1-800-318-2596.

1095-பி, 1095-சி என்ற படிவங்களும் வரலாம். முன்னது மெடிக்கெய்டோ (குறைந்த வருமானத்தோருக்கான அரசு இன்சூரன்ஸ்) இன்சூரன்ஸ் கம்பெனியோ அனுப்புவது, பின்னது பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்கு அனுப்புவது. இரண்டும் 8962க்கு உதவாது. பல்கலைக்கழகத்தின் மாணவர் இன்சூரன்ஸுக்கும், 30 வயதுக்குக் கீழுள்ளோர் வாங்கும் கேட்டஸ்ட்ரோஃபிக் பிளானுக்கும், தனி பல் இன்சூரன்ஸுக்கும் 1095-ஏ வராது. வரவில்லையே என்று தேட வேண்டாம்.

கையில் வந்த படிவத்தின் இரண்டாம் பகுதியில் யார் யார் பெயர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கும். பிள்ளையின் பெயரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் சரியா, நடுவில் விலகியிருந்தால் முடிவுத் தேதி சரியா என்று பாருங்கள். மூன்றாம் பகுதியில் மாதவாரியாக மூன்று பத்திகள். ஏ பத்தி, பிளானின் முழு பிரீமியம். பி பத்தி, உங்கள் பகுதியில் கிடைத்த சில்வர் பிளான்களில் விலை குறைந்ததிலிருந்து இரண்டாவதான பிளானின் பிரீமியம். சலுகையை அளக்கும் கோல் இதுதான், நீங்கள் வாங்கிய பிளான் அல்ல. சி பத்தி, அரசு உங்களுக்காக இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நேரே கட்டிய முன்பணம்.

தவறுகள் பெரும்பாலும் பி பத்தியில்தான். முன்பணமே கேட்காமல் முழு விலையில் வாங்கியிருந்தால் அது காலியாகவோ சைபராகவோ இருக்கும். குடும்பத்தில் ஒருவர் விலகியதை மார்க்கெட்பிளேஸுக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் பழைய எண்ணிக்கைக்குரிய தொகையே தொடரும். இரண்டு நிலையிலும் ஹெல்த்கேர்.கவ் தளத்தில் உள்ள வரிக் கருவியில் அந்த மாதத்தில் உண்மையில் யார் யார் இருந்தார்கள் என்று கொடுத்துச் சரியான எண்ணை எடுத்து, அதையே 8962இல் எழுதுங்கள். ஏ அல்லது சி பத்தியோ தேதியோ தவறென்றால் நீங்களாகத் திருத்தக் கூடாது; ஃபோன் செய்து திருத்திய 1095-ஏ வாங்க வேண்டும்.

பிள்ளையின் சம்பளம் எப்போது உங்கள் கணக்கில் வரும்?

8962இன் முதல் பகுதி குடும்ப வருமானத்தைக் கேட்கிறது. 2ஏ வரியில் (படிவத்தின் வரிசை எண்) உங்களுடையது, 2பி வரியில் டிபென்டன்ட்களுடையது. எங்கள் பார்வையில், வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதிகப் பணம் கைநழுவும் இடம் இந்த 2பி.

வருமான வரி ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டிய அளவு சம்பாதித்த டிபென்டன்ட்டின் வருமானம் மட்டுமே 2பியில் சேரும். பிடித்த வரியைத் திரும்ப வாங்க மட்டும் ரிட்டர்ன் போட்டால் சேராது. சம்பளம் மட்டும் உள்ள, மணமாகாத டிபென்டன்ட்டுக்கு 2025இன் வரம்பு 15,750 டாலர். வட்டி, டிவிடெண்டு, பங்கு லாபம் என்று மட்டும் வந்தால் வரம்பு வெறும் 1,350. இரண்டும் கலந்து வந்தால், 1,350 அல்லது சம்பளத்தோடு 450 கூட்டிய தொகை, இதில் எது பெரிதோ அது. ஆனால் 15,750ஐத் தாண்டாது.

இது படிப்படியாக ஏறும் வரம்பு இல்லை, விளிம்பு. கோடையில் 15,500 சம்பாதித்த மகளின் வருமானத்தில் ஒரு டாலர்கூட உங்கள் கணக்கில் வராது. 16,000 சம்பாதித்திருந்தால் அந்த 16,000மும் வரும்.

இதன் விலையைப் பாருங்கள். அப்பா, அம்மா, 22 வயது மாணவி மகள். பெற்றோரின் வருமானம் 70,000. மூன்று பேருக்கு, 2025 ரிட்டர்னில் பயன்படும் வறுமைக் கோட்டுத் தொகை (குடும்ப எண்ணிக்கைக்கேற்ப அரசு ஆண்டுதோறும் அறிவிப்பது) 25,820. முந்தைய ஆண்டின் அட்டவணையே எப்போதும் பயன்படும். 70,000 என்பது அதில் 271 சதவீதம். 8962 விளக்கக் குறிப்பின் அட்டவணையில் அந்தச் சதவீதத்துக்குரிய எண் 0.0484; வருமானத்தை அதால் பெருக்கினால், பிரீமியத்தில் குடும்பம் ஏற்க வேண்டிய ஆண்டுப் பங்கு 3,388 டாலர். இப்போது மகள் இன்டர்ன்ஷிப்பில் 18,000 வாங்கியிருக்கிறாள். குடும்ப வருமானம் 88,000, சதவீதம் 340, அட்டவணை எண் 0.0700, பங்கு 6,160. மகளின் சம்பளத்தை முன்கூட்டிச் சொல்லாமல் விட்டிருந்தால், 2,772 டாலர் கூடுதலாக முன்பணம் போயிருக்கும். கூட்டாகத் தாக்கல் செய்வோருக்கு இந்த வருமானப் படியில் திருப்பிக் கட்டும் உச்சவரம்பு 3,250 என்பதால் 2,772 முழுவதையும் கட்ட வேண்டியதுதான்.

விளிம்பை ஒட்டி நிற்கும் பிள்ளைக்கு ஒரு நுட்பம் உண்டு. வேலையிடத்தில் வழக்கமான 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு இருந்தால், அதில் போடும் பணம் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளப் படிவம்) காட்டும் சம்பளத்திலிருந்தே கழிந்துவிடும். அதனால் வரம்புக்குக் கீழே இறங்கலாம். தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பான ஐஆர்ஏவில் போடுவது அப்படி இறக்காது, ஏனென்றால் ரிட்டர்ன் போட வேண்டுமா என்பதை முடிவு செய்வது கழிவுகளுக்கு முந்தைய மொத்த வருமானம். சேர்க்க வேண்டிய தொகையை மட்டும் அது குறைக்கும்.

ஊரில் பிள்ளை பெயரில் வங்கி டெபாசிட் போட்டிருக்கிறீர்களா? என்ஆர்இ (வெளிநாடு வாழ் இந்தியருக்கான) டெபாசிட் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. தாத்தா பாட்டி கொடுத்த பணம் வருமானம் ஆகாது, ஆனால் அந்தப் பணம் ஈட்டும் வட்டி வருமானம். அது ஆண்டுக்கு 1,350 டாலரைத் தாண்டினால், வேறு சம்பாத்தியமே இல்லாத மாணவனும் ரிட்டர்ன் போட வேண்டியவன் ஆகிறான், அவன் தொகை 2பிக்கு வருகிறது.

கவனிக்க: பிள்ளை மார்க்கெட்பிளேஸ் பிளானில் இல்லாமல் பல்கலைக்கழக இன்சூரன்ஸில் இருந்தாலும், டிபென்டன்ட் என்றால் 1ஆம் வரியின் குடும்ப எண்ணிக்கையில் சேர்வார், வரம்பைத் தாண்டினால் வருமானமும் சேரும். பி பத்தித் தொகையில் மட்டும் அவர் இருக்க மாட்டார்.

8962ஐ நிரப்புவது

முதல் பகுதி முடிந்ததும் வேலை பாதி தீர்ந்தது. ஆண்டு முழுவதும் மூன்று பத்திகளும் மாறாமல் இருந்து, பங்கீடும் இல்லையென்றால் 1095-ஏவின் 33ஆம் வரியின் ஆண்டுத் தொகைகளை 8962இன் 11ஆம் வரியில் எழுதினால் போதும். நடுவில் பிள்ளை சேர்ந்தார், விலகினார், பிரீமியம் மாறியது என்றால் 12 முதல் 23 வரை மாதம் மாதமாக எழுத வேண்டும். பி பத்தியில் உங்கள் பங்கைக் கழித்து வரும் தொகை, முழு பிரீமியம், இவற்றில் எது சிறியதோ அதுவே சலுகை. சலுகை முன்பணத்தைவிட அதிகமென்றால் மிச்சம் 26ஆம் வரி வழியாக ரிட்டர்னின் இணைப்புத் தாளான ஷெட்யூல் 3க்குப் போய் உங்களுக்கு வரும். குறைவென்றால் 29ஆம் வரி வழியாக ஷெட்யூல் 2க்குப் போய் வரியோடு சேரும்.

திருப்பிக் கட்டும் உச்சவரம்பு 2025க்கு: வறுமைக் கோட்டின் 200 சதவீதத்துக்குக் கீழே தனிநபருக்கு 375, மற்றவர்களுக்கு 750, 200 முதல் 300க்குள் 975, 1,950, 300 முதல் 400க்குள் 1,625, 3,250. 400ஐத் தொட்டுவிட்டால் வரம்பு இல்லை.

டிபென்டன்ட் இல்லாத பிள்ளை உங்கள் பிளானில்: பங்கீடு

வேலை பார்க்கும் 24 வயது மகன், தனி ரிட்டர்ன், வேலையிடத்தில் இன்சூரன்ஸ் இல்லை, உங்கள் மார்க்கெட்பிளேஸ் பிளானிலேயே ஆண்டு முழுதும் இருந்தான். விண்ணப்பத்தில் அவன் தனி வரிக் குடும்பம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் மார்க்கெட்பிளேஸ் இரண்டு 1095-ஏ தரும், பங்கீடு தேவையில்லை. டிபென்டன்ட் என்று சொல்லிவிட்டுப் பின்னால் நிலைமை மாறியிருந்தால் அப்பா, அம்மா, மகன் என்று மூன்று பெயரும் ஒரே படிவத்தில் வரும். அப்போது இருவரும் 8962 நிரப்பி நான்காம் பகுதியில் பங்கைக் காட்ட வேண்டும். படிவத்தின் நகலை மகனுக்குக் கொடுங்கள். அது உங்கள் பெயரில் மட்டுமே வந்திருக்கும்.

30ஆம் வரியில் பாலிசி எண் (15 எழுத்துக்கு மேல் இருந்தால் கடைசி 15), அடுத்த தரப்பின் சோஷியல் செக்யூரிட்டி எண், தொடங்கும் மாதம், முடியும் மாதம், பிறகு மூன்று பங்கு எண்கள். சதவீதத்தைப் புள்ளியிட்டு எழுத வேண்டும், 0.67 என்பது போல. மூன்று பத்திக்கும் ஒரே பங்குதான். பிரீமியத்தில் ஒன்று, முன்பணத்தில் வேறொன்று என்று பிரிக்க முடியாது. இரு தரப்பின் எண்களும் கூடி 1.00 ஆக வேண்டும். மென்பொருள்களில் இது பெரும்பாலும் ‘இந்தப் பாலிசியை வேறு வரிதாரரோடு பகிர்ந்தீர்களா’ என்ற கேள்விக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்; இல்லை என்று தட்டிவிட்டால் முழு முன்பணமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

பங்கு எவ்வளவு? விவாகரத்து போன்றவற்றுக்குத் தனி விதிகள் உண்டு. பெற்றோர்-பிள்ளை நிலையில், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் 0 முதல் 100 வரை எந்தச் சதவீதமும் சரி. ஒத்துவராவிட்டால் தலை எண்ணிக்கை: மூன்று பேரில் ஒருவன் மகன் என்றால் அவனுக்கு 33, உங்களுக்கு 67.

எந்தப் பங்கு நல்லது என்பதை ஊகித்து எழுதாதீர்கள், வித்தியாசம் பெரிது. மாத பிரீமியம் 1,700, பி பத்தி 1,800, முன்பணம் 1,200 என்று வைத்துக்கொள்வோம். பெற்றோர் வருமானம் 70,000 (இப்போது இருவர் குடும்பம், கோடு 20,440, சதவீதம் 342, பங்கு 4,935). மகன் வருமானம் 48,000 (கோடு 15,060, சதவீதம் 318, பங்கு 3,096).

67-33 என்று பிரித்தால் பெற்றோரின் சலுகை 9,537, அவர்கள் பக்கம் விழும் முன்பணம் 9,648. அவர்கள் 111 டாலர் திருப்பிக் கட்ட வேண்டும். மகனின் சலுகை 4,032, அவன் பக்க முன்பணம் 4,752. அவன் 720 கட்ட வேண்டும். இதையே பெற்றோருக்கு 100, மகனுக்கு 0 என்று ஒத்துக்கொண்டால் பெற்றோரின் சலுகை 16,665, முன்பணம் 14,400. 2,265 டாலர் திரும்ப வருகிறது, மகனுக்கு ஒன்றும் இல்லை. அதே பாலிசி, அதே சம்பளங்கள். இரண்டு குடும்பமும் தனித்தனியாகத் தம் வருமானப் பங்கை ஏற்பதற்குப் பதில் ஒரு குடும்பம் மட்டும் ஏற்பதால் வரும் வித்தியாசம் இது, விதி அனுமதிப்பதுதான். 0, 100, தலை எண்ணிக்கை ஆகிய மூன்றையும் மென்பொருளில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். 0 என்று எழுதினாலும் மகன் தன் ரிட்டர்னில் 8962ஐ இணைத்து 0.00 என்று காட்டுவது நல்லது. ஒத்துக்கொண்டதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். முன்பணமே வாங்காத பாலிசி என்றால் இந்த முறை பொருந்தாது. அங்கே பிரீமியத்தை மட்டும், இரு குடும்பத்தின் பி பத்தித் தொகைகளின் விகிதத்தில் பிரிக்க வேண்டும்.

சொந்தத் தொழில் செய்யும் பெற்றோருக்கு ஒரு துணைச் செய்தி: ஆண்டு முடிவில் 27 நிறையாத பிள்ளை டிபென்டன்ட் இல்லையென்றாலும், அவருக்காக நீங்கள் கையிலிருந்து கட்டிய பிரீமியத்தைச் சுயதொழில் இன்சூரன்ஸ் கழிவில் சேர்க்கலாம்.

டிபென்டன்ட்டின் தனி பிளான், வேறு மாநிலம்

டாலஸில் பெற்றோர், பாஸ்டனில் படிக்கும் மகள். வீட்டு பிளானின் மருத்துவர்கள் அங்கே இல்லாததால் அவளுக்கு மாசசூசெட்ஸில் தனி பிளான். உங்களிடம் இரண்டு 1095-ஏ. ஏ பத்திகளைக் கூட்டுங்கள், சி பத்திகளைக் கூட்டுங்கள். பி பத்தி, வெவ்வேறு மாநிலம் என்பதால் அதையும் கூட்ட வேண்டும். ஒரே மாநிலத்தில் இரண்டு பிளான் என்றால் கூட்டக் கூடாது. இரண்டு படிவத்திலும் குடும்பம் முழுவதற்குமான அதே எண் பதிந்திருக்கும், அதை ஒரு முறை மட்டும் எழுத வேண்டும். கூட்டினால் சலுகை இரட்டிப்பாகத் தெரியும், பிறகு வரித்துறையின் கடிதம் வரும். ஒரே மாநிலத்தில் இரு எண்களும் வேறுபட்டால், தனித்தனி விண்ணப்பமாகப் போயிருக்கிறது என்று பொருள். மார்க்கெட்பிளேஸிடம் குடும்பத்துக்குரிய சரியான எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை தானே விண்ணப்பித்து, தன் சின்னச் சம்பளத்தை மட்டும் காட்டி, ‘யாரும் என்னை டிபென்டன்ட்டாகக் காட்டவில்லை’ என்று தட்டிவிட்டால் பெரிய முன்பணம் கிடைத்திருக்கும். வரி நேரத்தில் அது உங்கள் வருமானத்தோடு மோதும்போது திருப்பிக் கட்டும் தொகையும் அதே அளவு பெரிதாக இருக்கும். ஒவ்வொரு நவம்பரிலும் விண்ணப்பத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

வேலைக்குப் போன மாதங்கள்

ஜூலையில் வேலையில் சேர்ந்த மகளுக்கு ஆகஸ்ட் 1 முதல் கம்பெனி இன்சூரன்ஸ். அதன் விலை கட்டுப்படியாகும் என்ற வரையறைக்குள் இருந்தால் (2025க்குக் குடும்ப வருமானத்தில் 9.02 சதவீதம்), அவள் அதை எடுக்காவிட்டாலும் ஆகஸ்ட் முதல் அவளுக்குச் சலுகை இல்லை. எடுத்துச் சேர்ந்துவிட்டாலோ விலை எவ்வளவு என்பதே கேள்வி இல்லை. மார்க்கெட்பிளேஸிலிருந்து அவளை எடுக்க மறந்திருந்தால் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை பி பத்தியை அவள் இல்லாமல் மீண்டும் தேடி எழுத வேண்டும். கம்பெனி இன்சூரன்ஸ் தொடங்கினால் மார்க்கெட்பிளேஸ் தானாக நிறுத்தாது. இரண்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

பிள்ளையின் ரிட்டர்ன், நிராகரிப்பு, கடிதம்

டிபென்டன்ட் பிள்ளை தன் 1040இல் (ரிட்டர்னின் முதன்மைப் படிவம்) ‘இன்னொருவர் என்னை டிபென்டன்ட்டாகக் காட்டலாம்’ என்ற பெட்டியில் குறியிட வேண்டும், 1095-ஏவைத் தொடக் கூடாது. அப்படிச் சரியாகச் செய்தும் இணையவழி அனுப்பிய அவருடைய ரிட்டர்ன் (இ-ஃபைல்) எஃப்8962-070 என்ற குறியோடு திரும்பி வரலாம். அவர் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் முன்பணம் பதிவாகியிருக்கிறது, 8962 இல்லை என்று ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) கணினி சொல்வதுதான் அது. பதறி 8962 நிரப்பிவிடாதீர்கள். பெற்றோர் ரிட்டர்னில் கணக்குத் தீர்க்கப்படுகிறது என்று சில வரிகள் எழுதி, ‘ஏசிஏ எக்ஸ்பிளனேஷன்’ என்ற ஆங்கிலப் பெயரில் பிடிஎஃப்பாக இணைத்து மறுபடி அனுப்பினால் ஏற்கப்படும். உங்கள் மென்பொருள் இணைக்க விடாவிட்டால் தாளில் அனுப்ப வேண்டும்.

பிள்ளை அந்தப் பெட்டியைக் கவனிக்காமல் முதலில் தாக்கல் செய்துவிட்டால் உங்கள் இ-ஃபைல் திரும்பும். பிள்ளை 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்த வேண்டும். ஆனால் அதற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஐஆர்எஸ் தரும் அடையாளப் பாதுகாப்பு பின் எண்ணோடு அனுப்பினால் இப்போது இ-ஃபைலிலேயே ஏற்கிறார்கள்.

8962 இல்லாமல் ரிட்டர்ன் போய்ச் சேர்ந்துவிட்டால் 12சி என்ற கடிதம் வரும், ரீஃபண்டு அதுவரை நிற்கும். கடிதத்தில் சொன்ன காலக்கெடுவுக்குள் நிரப்பிய 8962ஐயும் 1095-ஏ நகலையும் அனுப்புங்கள். இதற்கு 1040-எக்ஸ் போடக் கூடாது. போட்டால் இரண்டும் குறுக்கே வந்து இன்னும் தாமதமாகும்.

கலிஃபோர்னியாவில் மாநில ரிட்டர்னுக்கு 3895 என்ற தனிப் படிவமும் வரும். நியூ ஜெர்சியில் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் இருந்ததை மாநில ரிட்டர்னில் காட்ட வேண்டும். அங்கும் டிபென்டன்ட்டின் விவரம் பெற்றோரோடுதான்.

2026க்கு இப்போதே பார்க்க வேண்டியவை

2026 வரி ஆண்டு முதல் திருப்பிக் கட்டும் உச்சவரம்பு எந்த வருமானப் படிக்கும் இல்லை. கூடுதலாக வந்த முன்பணம் முழுவதும் திரும்பப் போகும். 2021 முதல் இருந்த கூடுதல் சலுகையும் 2025 முடிவோடு காலாவதியானதால், வறுமைக் கோட்டின் 400 சதவீதம் தாண்டிய குடும்பத்துக்குச் சலுகை சைபர். மூன்று பேருக்கு அந்த எல்லை 1,06,600 டாலர், இருவருக்கு 84,600.

இதைப் பிள்ளையின் வருமானத்தோடு சேர்த்துப் பாருங்கள். பெற்றோர் 92,000, மாணவி மகள் 15,900 என்றால் மகளின் தொகை சேராது (2026இல் சம்பள வரம்பு 16,100), குடும்பம் எல்லைக்குள். அவள் இன்னொரு வாரம் வேலை பார்த்து 16,500 ஆனால் குடும்ப வருமானம் 1,08,500. அந்த ஆண்டு வாங்கிய முன்பணம் முழுவதையும் கட்ட வேண்டும். மகள் டிபென்டன்ட் தகுதியே இழந்தால் எல்லை 84,600க்கு இறங்கி, பெற்றோரின் 92,000மே அதைத் தாண்டிவிடும். ஆகஸ்டில் இன்டர்ன்ஷிப் முடியும்போது மகளின் சம்பளச் சீட்டில் ஆண்டுத் தொகையைப் பாருங்கள். 401(கே)வுக்கோ, வேலை நாட்களைக் குறைப்பதற்கோ அப்போது நேரம் இருக்கும், ஜனவரியில் இருக்காது. வருமானம் மாறினால் 30 நாட்களுக்குள் மார்க்கெட்பிளேஸ் விண்ணப்பத்தில் திருத்துங்கள். முன்பணம் அடுத்து வரும் மாதங்களிலேயே குறைந்து, வரி நேரத்துச் சுமை சிறிதாகும்.

விசாவில் இருப்பவர்களுக்கு 2027 இன்னொரு மாற்றத்தோடு வருகிறது. அந்த ஆண்டு முதல் எச்-1பி, எச்-4, எஃப்-1 ஆகியவற்றில் உள்ளோருக்குப் பிரீமியம் வரிச் சலுகை இல்லை. கிரீன் கார்டு உள்ளோருக்குத் தொடரும். ஒரே குடும்பத்தில் குடியுரிமை உள்ள பிள்ளையும் விசாவில் உள்ள பெற்றோரும் இருந்தால், பிள்ளைக்கு மட்டும் சலுகை கணக்கிடப்படும். அப்போது பி பத்தியில் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை 1095-ஏ வந்தவுடன் முதல் வேலையாகப் பாருங்கள்.